வண்டி எவ்வளவு உட்கார வேண்டும்?

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் சென்ற சந்திப்பில், மெக்கானிக்கல் பிரிவு முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் எனக்குப் போன் செய்து, "தொழிலில் நீ கற்றதைப் பற்றி ஒரு அரை மணி நேரம் பேசு" என்றார். நான் 2010ல் இங்கே மெக்கானிக்கல் முடித்தேன். 2012லிருந்து ஓரகடம் பக்கத்தில் இருசக்கர வண்டிகளின் ஷாக் அப்சார்பரைச் சோதிக்கும் பிரிவில் வேலை. சாதனை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் செய்யாமல் விட்ட ஒரு வேலை உண்டு. அதைச் சொன்னால் யாருக்காவது பயன்படும் என்றுதான் இந்த மேடைக்கு வந்தேன்.

முதலில் ஒரு கேள்வி. இந்த அரங்கத்தில் மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ வைத்திருப்பவர்கள் கையைத் தூக்குங்கள். சரி, எல்லாரும்தான். டயரில் காற்று எவ்வளவு என்று தெரிந்தவர்கள்? பாதிப் பேர். உங்கள் வண்டியில் நீங்கள் ஏறி உட்கார்ந்தால் பின்பக்கம் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று தெரிந்தவர்கள்? ஒரு கைகூடக் காணோம். வெட்கப்பட வேண்டாம். மூன்று வருடத்துக்கு முன்னால் என் அப்பாவின் வண்டியைப் பற்றி என்னிடம் கேட்டிருந்தால் நானும் கையைத் தூக்கியிருக்க மாட்டேன். இத்தனைக்கும் அதுதான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை.

நம்ம ஊரில் "வண்டி உக்காந்திருச்சு" என்போம். கேரியரில் மூட்டையை ஏற்றினால் உட்காரும், பின்னால் மாமா ஏறினால் உட்காரும். வண்டி உட்காருவது குறை என்பது நம் எல்லாருடைய எண்ணம். உண்மையில் வண்டி உட்கார வேண்டும். அளவோடு உட்கார வேண்டும். அந்த அளவைத்தான் எங்கள் தொழிலில் 'ஸேக்' என்பார்கள். நான் 'உட்காரும் அளவு' என்றே சொல்கிறேன்.

ஏன் உட்கார வேண்டும்? சக்கரத்துக்கு இரண்டு வேலை. மேடு வந்தால் மேலே ஏற வேண்டும். பள்ளம் வந்தால் கீழே இறங்க வேண்டும். மேலே ஏறுவதை நாம் எல்லாரும் கவனிக்கிறோம், இடுப்பில் உதைக்கிறதே! கீழே இறங்குவதை யாரும் நினைப்பதில்லை. நீங்கள் உட்கார்ந்ததும் வண்டி 30 மில்லிமீட்டர் இறங்குகிறது என்றால், பள்ளம் வரும்போது சக்கரம் 30 மில்லிமீட்டர் கீழே போய்த் தரையைத் தொட இடம் இருக்கிறது என்று பொருள். வண்டி உட்காரவே இல்லை என்றால் ஸ்பிரிங் ஏற்கெனவே முழுசாக நீண்டு நிற்கிறது. பள்ளம் வந்தால் சக்கரத்துக்குக் கீழே போக வழியில்லை. ஒரு நொடியின் சிறு பகுதி அது அந்தரத்தில் தொங்கும். அந்த நேரம் பார்த்து பிரேக் போட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் வீடு கீரமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம். அங்கே பலா, வாழை, பூ எல்லாம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்குக் கொஞ்சம் தோப்பு. விடியற்காலை நாலு மணிக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆலங்குடி வழியாகப் புதுக்கோட்டை உழவர் சந்தைக்குப் போவார். சீசனில் ஐந்தாறு பலாப்பழம், மற்ற நாளில் வாழைத்தார். விற்று முடித்து ஒன்பது, பத்து மணிக்கு வெறும் வண்டியோடு திரும்புவார். நான் இந்தக் கல்லூரியில் கட்டிய பீஸ் எல்லாம் அந்தக் கேரியரில் வந்ததுதான்.

2014ல், என் சம்பளத்தில் அவருக்கு ஒரு 100 சி.சி. வண்டி வாங்கிக் கொடுத்தேன். பெருமையாக இருந்தது. வாங்கின வாரமே மெக்கானிக் அண்ணனிடம் போய், "தம்பி, இது லோடு அடிக்கிற வண்டி. ஷாக் அப்சரை நல்லா டைட்டா வச்சிரு" என்று சொல்லியிருக்கிறார். அவரும் கேட்டதைச் செய்து கொடுத்தார். ஐந்து படியில் ஐந்தாவது படி. அன்றைக்கு அப்பாவின் எடை 68 கிலோ. கேரியரில் சுமையும் நிறைய. அன்றைய கணக்குக்கு அது பெரிய தப்பில்லை.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வந்தது. நம் மாவட்டத்தில் தென்னையும் பலாவும் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்பதைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எங்கள் தோப்பில் பாதி மரம் போச்சு. சந்தைக்குப் போகிற சுமை குறைந்தது. அதே காலத்தில் அப்பாவுக்குச் சர்க்கரை வந்தது. நாலு வருஷத்தில் 68 கிலோ ஆள் 50 கிலோ ஆனார். சுமை குறைந்தது, ஆளும் குறைந்தார், ஸ்பிரிங் மட்டும் 2014ல் வைத்த இடத்திலேயே நின்றது.

2022 ஜூன் மாதம், சந்தையிலிருந்து வெறும் வண்டியோடு திரும்பும்போது, ஒரு சின்னப் பாலத்தை ஒட்டிச் சாலை இறங்குகிற இடத்தில் குறுக்கே ஆடு வந்திருக்கிறது. பின் பிரேக்கை மிதித்தார். பின் சக்கரம் நின்றுபோய் வழுக்கியது. வலது பக்கம் விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. ஹெல்மெட் போட்டிருந்தார், அதனால் இன்றைக்கு நான் இதைச் சிரித்த முகத்தோடு சொல்ல முடிகிறது.

ஸ்பிரிங்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சாலையில் மணல் கிடந்தது. டயர் தேய்ந்திருந்தது. ஆடு வந்தது. ஆனால் மருத்துவமனையில் அப்பா சொன்ன ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. "போறப்ப நல்லாத்தாய்யா போகுது. வரும்போதுதான் பின்னாடி குதிரை மாதிரி உதைக்குது. ரொம்ப நாளாவே அப்படித்தான்."

ரொம்ப நாளாகவே! மாதம் ஒரு தடவை ஊருக்கு வருகிறேன். அந்த வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறேன், என் எடை 74 கிலோ, எனக்கு உதைக்கவில்லை. யாரென்றே தெரியாத லட்சம் பேருக்காக ஷாக் அப்சார்பரைச் சோதிக்கிற நான், அப்பாவிடம் "வண்டி எப்படிப்பா இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்த வாரக் கடைசியில் அம்மாவின் தையல் டேப்பை எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பையன் இரண்டு பேரைக் கூப்பிட்டேன். எப்படி அளந்தேன் என்று சொல்கிறேன், வீட்டுக்குப் போய் நீங்களும் செய்யுங்கள். இதற்கு லேப் தேவையில்லை. டேப், சாக்பீஸ், மூன்று பேர், அவ்வளவுதான்.

முதலாவது, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். சக்கரத்து அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே, பாடியில் ஓரிடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அச்சுக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். இது ஸ்பிரிங் முழுசாக நீண்ட அளவு.

இரண்டாவது, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி நேராகப் பிடியுங்கள். யாரும் ஏறக் கூடாது. அதே தூரத்தை அளங்கள். குறைந்திருக்கும். முதல் அளவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டி தன் சொந்த எடைக்கு உட்காரும் அளவு.

மூன்றாவது, ஓட்டுகிறவர் ஏறி உட்கார வேண்டும். ஹெல்மெட், செருப்பு, தினமும் தூக்கும் பை எல்லாவற்றோடும். ஒருவர் முன்னால் நின்று ஹேண்டில்பாரைப் பிடிக்க, ஓட்டுகிறவர் இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் வைத்து, வழக்கமாக உட்காருவது போல உட்கார வேண்டும். மறுபடி அளங்கள். முதல் அளவிலிருந்து இதைக் கழித்தால் ஆளோடு உட்காரும் அளவு.

இதில் ஒரு நுணுக்கம். ஷாக் அப்சார்பருக்குள் உராய்வு உண்டு. அதனால் ஒரே ஆள் உட்கார்ந்தாலும் இரண்டு தடவை இரண்டு அளவு வரும். ஒரு தடவை சீட்டை அமுக்கி மெதுவாக மேலே வரவிட்டு அளங்கள்; இன்னொரு தடவை பின்பக்கத்தைத் தூக்கி மெதுவாக இறங்கவிட்டு அளங்கள். இரண்டின் சராசரிதான் சரியான அளவு. முன்பக்கத்துக்கு, ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஒரு நூலையோ கேபிள் டையையோ கட்டி, அது எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கலாம். நம் சாதாரண வண்டிகளில் முன்பக்க ஸ்பிரிங்கை மாற்றியமைக்க வழி இருப்பதில்லை, எனவே இன்று பின்பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எவ்வளவு இருக்க வேண்டும்? சக்கரம் மொத்தம் ஏறி இறங்கக்கூடிய தூரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்றுக் குறைவு, ஆளோடு உட்காரும் அளவாக இருப்பது நல்ல தொடக்கம். 100 மி.மீ. ஏறி இறங்கும் பின் சக்கரத்துக்கு 30 மி.மீ. சக்கரம் 300 மி.மீ. வரை ஏறி இறங்கும் மோட்டோகிராஸ் வண்டிக்கு 100 மி.மீ. போல. ஆள் இல்லாத வெறும் வண்டி 5லிருந்து 15 மி.மீ. வரை உட்கார வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் வண்டி ஓட்டும் பையன்கள் ஸ்டாப்வாட்சைத் தொடுவதற்கு முன்னால் இந்த அளவைத்தான் எடுப்பார்கள். அவர்களுக்கு அது அரை நொடி. நமக்கு அது காறை எலும்பு.

அப்பாவின் வண்டியை அளந்தபோது வந்த எண்களைக் கேளுங்கள். ஸ்டாண்டில் 540 மி.மீ. தரையில் இறக்கினால், அதே 540! வெறும் வண்டி ஒரு மில்லிமீட்டர்கூட உட்காரவில்லை. அப்பாவை மெதுவாகத் தாங்கி உட்கார வைத்தோம், கையில் கட்டோடு. 530. அதாவது 10 மி.மீ. பாலத்தடியில் சக்கரம் கீழே போக அவருக்கு இருந்த இடம் அந்த ஒரு சென்டிமீட்டர்தான்.

பிரேக் போட்டால் எடை முன்னால் போகும், பின்பக்கம் தூக்கும். இருந்த 10 மி.மீ.யும் அதிலேயே தீர்ந்துபோகும். அந்த நேரத்தில் சாலையும் கீழே இறங்கினால் சக்கரம் தரையை விட்டுவிடும், அல்லது பேருக்குத் தொட்டுக்கொண்டிருக்கும். தரையின் பிடி இல்லாத சக்கரத்தை நிறுத்த பிரேக்குக்கு ஒரு விரல் பலம் போதும். நின்றுபோன சக்கரம் மறுபடி தரையில் இறங்கும்போது உருளாது, வழுக்கும்.

இப்போது மாணவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. நம் கல்லூரியில் ஸ்பிரிங் டெஸ்ட் என்று ஒரு பரிசோதனை செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எடையைக் கூட்டக் கூட்ட ஸ்பிரிங் எவ்வளவு சுருங்குகிறது என்று ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். நான் ரீடிங்கைச் சீனியரிடம் காப்பி அடித்தேன். சார் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், மன்னிக்க வேண்டும். ராபர்ட் ஹூக் 1678ல் எழுதி வைத்த விதி அது: சுமை இரண்டு மடங்கானால் சுருக்கமும் இரண்டு மடங்கு. அன்றைக்கு ஒழுங்காகச் செய்திருந்தால் இந்தப் பாடம் அப்போதே ஏறியிருக்கும்.

அப்பாவின் வண்டிக்கு முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். பின் சக்கரத்தில் வைத்துப் பார்த்தால் 2 கிலோ சுமைக்கு ஒரு மில்லிமீட்டர் சுருங்கும் ஸ்பிரிங். பின்பக்க ஸ்பிரிங் தாங்கும் வண்டியின் சொந்த எடை 55 கிலோ. ஓட்டுகிறவர் எடையில் சுமார் 70 சதவீதம் பின்னால் விழும். 50 கிலோ ஆளுக்கு 35 கிலோ. இரண்டையும் கூட்டினால் 90 கிலோ. ஸ்பிரிங் 45 மி.மீ. சுருங்க வேண்டும். ஆனால் ஐந்தாவது படியில் ஸ்பிரிங்கை முன்கூட்டியே 35 மி.மீ. அமுக்கி வைத்தாயிற்று. மிச்சம் 10 மி.மீ. தான் வண்டி உட்காரும். வெறும் வண்டிக்கோ 27.5 மி.மீ.தான் தேவை, 35 ஏற்கெனவே அமுங்கியிருப்பதால் அது அசையாது.

முதல் படிக்கு வாருங்கள். அங்கே முன்கூட்டி அமுக்கம் 15 மி.மீ. அப்பா உட்கார்ந்தால் 45லிருந்து 15 போக 30 மி.மீ. சொன்ன மாதிரியே மூன்றில் ஒரு பங்கு! வெறும் வண்டி 12.5 மி.மீ. அதுவும் சரி. ஆக, அந்த வண்டி அவருக்குப் பொருந்தாத வண்டி இல்லை. பொருத்தி வைக்கத்தான் ஆள் இல்லை.

ஆனால் 60 கிலோ சுமையைக் கேரியரில் ஏற்றினால், முழு எடையும் பின்னால் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் 30 மி.மீ. இறங்கும். முதல் படியில் மொத்தம் 60. மேடு ஏறினால் அடி இடிக்கும். வண்டியின் மூக்குத் தூக்கி, ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், ஹேண்டிலும் மந்தமாகும். அதே சுமை ஐந்தாவது படியில் 40 மி.மீ.தான் இறங்கும். ஆகச் சுமைக்கு ஐந்தாவது படி, வெறும் வண்டிக்கு முதல் படி. அப்பா சொன்னது இரண்டும் உண்மை: போகும்போது நன்றாகப் போகிறது, வரும்போது உதைக்கிறது. அவர் பள்ளிக்கூடத்தில் எட்டாவது தாண்டாதவர். என் சோதனைச்சாலைக் கருவி சொல்ல வேண்டியதை அவர் இடுப்பு சரியாகச் சொல்லியிருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இங்கே ஒரு பெரிய தப்பெண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். படியைக் கூட்டினால் ஸ்பிரிங் 'டைட்' ஆகிறது என்று நாம் நினைக்கிறோம். ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் கம்பியிலும், சுற்றின் அகலத்திலும், சுற்றுகளின் எண்ணிக்கையிலும் இருக்கிறது. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, கம்பி இரண்டு மடங்கு தடித்தால் விறைப்பு பதினாறு மடங்கு. படியைத் திருகுவதால் இதில் எதுவும் மாறுவதில்லை. அது வண்டி நிற்கும் உயரத்தை மாற்றுகிறது, அவ்வளவுதான். முதல் படியிலும் 2 கிலோவுக்கு ஒரு மில்லிமீட்டர். ஐந்தாவது படியிலும் அதே.

இதிலிருந்து ஒரு அருமையான சோதனை கிடைக்கிறது. படியைத் திருகி, ஆளோடு உட்காரும் அளவை 30க்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். இப்போது வெறும் வண்டியைப் பாருங்கள். அது துளியும் உட்காரவில்லை என்றால், ஸ்பிரிங் அந்த ஆளுக்கு மெல்லியது. வெறும் வண்டியே அதிகமாக உட்கார்ந்தால், ஸ்பிரிங் அந்த ஆளுக்குத் தடித்தது. தலைகீழாகத் தோன்றுகிறதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ எடையுள்ள நண்பர் ஒருவர், முன் வரிசையில் இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன். அவர் எடையில் 70 கிலோ பின்னால் விழும். நம்ம ஸ்பிரிங்கில் 35 மி.மீ. அவர் ஒருவருக்கே போய்விடும். மொத்தம் 30தான் உட்கார வேண்டும் என்று திருகினால் வெறும் வண்டிக்கு ஒன்றும் மிஞ்சாது. அவர் எத்தனை படி திருகினாலும் சரிப்படாது; ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும், அல்லது அவர் சாப்பாட்டை மாற்ற வேண்டும்.

இன்னும் சில எச்சரிக்கைகள். இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் உள்ள வண்டியில் இரண்டையும் ஒரே படியில் வையுங்கள். படியை மாற்றினால் செயின் தளர்வை, கையேட்டில் சொன்னபடி மறுபடி பாருங்கள். பின் சக்கரம் ஏறி இறங்கும்போது செயின் இறுக்கமும் மாறும். ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது உள்ளே இருக்கிற ஆயில். பின்பக்கத்தை அமுக்கி விட்டால் ஒரு தடவை மேலே வந்து அடங்க வேண்டும். ஊஞ்சல் மாதிரி ஆடினால், அல்லது ஆயில் கசிந்தால், எந்தப் படியும் உதவாது, மாற்றத்தான் வேண்டும். கேரியரில் ஏற்றும் எடைக்கும் கம்பெனி சொன்ன வரம்பு உண்டு; ஐந்தாவது படி அந்த வரம்பைக் கூட்டித் தராது.

சரி, இந்த வேலையை அம்மாவிடம் காட்டி, பெரிய விஞ்ஞானி மாதிரி விளக்கினேன். அம்மா சிரித்துவிட்டு, "இதைத்தானே அன்னைக்கு அந்த அறிவொளிப் புள்ளைங்க செஞ்சாங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. மாணவர்களுக்கும் தெரிந்திருக்காது, எனவே சொல்கிறேன்.

1991ல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முனைந்தார். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மைதானங்களுக்கு வந்து பழகினார்கள். ஒரு லட்சம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியபிறகு, புதுக்கோட்டையின் பெயர் உலகத்துக்கே போனது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே பெண்கள் எடுத்தார்கள். குழந்தையை உட்கார வைக்க அதில் முன்னால் பார் இருக்கிறது என்று அதையே விரும்பவும் செய்தார்கள். அந்தப் பாரில் உட்கார்ந்து போன குழந்தைகளில் நானும் ஒருவன்.

அம்மா சொன்னார்: "மொத நாளு அப்பாவோட சைக்கிளை எடுத்துட்டுப் போனேன். காலு எட்டலை, நாலு தடவை விழுந்தேன். 'எனக்கு வராதுடி'ன்னு திரும்பிட்டேன். சொல்லிக்குடுத்த புள்ளை ஸ்பேனரைக் கொண்டாந்து சீட்டை எறக்கிக் குடுத்துச்சு. ரெண்டு நாள்ல ஓட்டிட்டேன். சைக்கிள் அதே சைக்கிள்தான்."

அம்மா சொன்ன இந்தக் கதையை எங்கள் ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். நாலு தடவை விழுந்த ஒருத்தி, தன்னால் முடியாது என்று நினைத்துவிட்டாள். குற்றம் அவள் மேல் இல்லை, சீட்டின் மேல். என் அப்பாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். "வயசாயிருச்சு, இனிமே வண்டி எனக்கு ஒத்து வராது" என்று ஆஸ்பத்திரியிலேயே முடிவு செய்துவிட்டார். சந்தைக்குப் போவதில்லை என்றால் அவருக்கு என்ன மிச்சம்? திண்ணையும் மாத்திரையும்தான்.

மூன்று மாதம் கழித்துக் கட்டுப் பிரித்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, புது டயர் போட்டு, முதல் படியில் வைத்து, "பாலம் வரைக்கும் போய்ட்டு வாங்கப்பா" என்றேன். நான் பின்னாலேயே தம்பியின் வண்டியில் போனேன். அந்த இறக்கத்தில் மெதுவாக விட்டு, பிரேக் போட்டுப் பார்த்தார். திரும்பி வந்து, ஸ்டாண்டு போட்டுவிட்டு, ஷாக் அப்சார்பரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் மெலிஞ்சது வண்டிக்குத் தெரியலைய்யா. இப்பத்தான் தெரிஞ்சிருக்கு" என்றார். எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது அவருடைய வண்டிப் பெட்டியில் அந்தக் கொக்கி ஸ்பேனர் ஒன்று இருக்கிறது. முன்னை மாதிரி தினமும் போவதில்லை, வாரத்தில் மூன்று நாள்தான். அதிகாலையில் சுமை ஏற்றும்போது ஐந்தாவது படி. விற்று முடித்து, டீ குடித்து, கிளம்புமுன் முதல் படி. இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு நிமிஷம். முதலில் சந்தையில் கேலி செய்திருக்கிறார்கள். இப்போது கீரை கொண்டுவருகிற இரண்டு பேர் அவரிடம் ஸ்பேனரைக் கடன் வாங்குகிறார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற பெருமை, நான் வேலையில் சேர்ந்தபோதுகூட வந்ததில்லை.

மாணவ நண்பர்களே, உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தமிழ்நாட்டில் திருவொற்றியூரில் 1955லேயே என்ஃபீல்டு வண்டி பூட்ட ஆரம்பித்தார்கள். ஓசூரில் 1980ல் டி.வி.எஸ். 50 வந்தது. இத்தனை வருடமாக வண்டி செய்கிற மாநிலம் நம்முடையது. ஆனால் செய்து முடித்த வண்டியை ஓட்டுகிற ஆளுக்குப் பொருத்துகிற அந்தக் கடைசி இரண்டு நிமிஷ வேலை மட்டும் பெரும்பாலும் நடப்பதில்லை. ஷோரூமில் கண்ணாடியைத் திருப்பித் தருவார்கள், ஸ்பிரிங்கை யாரும் கேட்பதில்லை. மீன் பெட்டி கட்டிக்கொண்டு ஜெகதாப்பட்டினத்திலிருந்து வருகிறவர், பின்னால் இரண்டு பிள்ளைகளை ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விடுகிற அம்மா, எல்லாருக்கும் ஒரே படி. புராஜெக்டுக்குத் தலைப்பு இல்லை என்று கவலைப்படுகிறீர்களே, ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்ச் சந்தைக்குப் போங்கள். ஐம்பது வண்டியை அளந்து எழுதுங்கள். எத்தனை வண்டி ஓட்டுகிறவருக்குப் பொருந்தியிருக்கிறது என்று பாருங்கள். ரீடிங்கை மட்டும் சீனியரிடம் காப்பி அடிக்காதீர்கள்.

என் வயதுள்ள நண்பர்களுக்கு வேறு ஒரு வேண்டுகோள். நாம் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறோம். வீட்டுக்குப் பணம் அனுப்புகிறோம், வண்டி வாங்கிக் கொடுக்கிறோம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அப்பாவை வண்டியில் உட்காரச் சொல்லி அளந்து பாருங்கள். அளப்பதற்காகக் குனியும்போது அவர் எவ்வளவு மெலிந்திருக்கிறார் என்பதும் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வண்டி நிறுத்தும் ஷெட்டில் டேப்போடும் ஸ்பேனரோடும் நிற்பேன். யார் வேண்டுமானாலும் வண்டியைக் கொண்டுவரலாம். கட்டணம் கிடையாது. முன் வரிசை நண்பர் மட்டும் சாப்பிடுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டால் நல்லது.